அச்சச் சுவையும் இளையோர் நூல்களும்

அச்சத்தை இலக்கியத்திற்குரிய மெய்ப்பாடுகளுள் ஒன்றாகக் கொண்டது தமிழ் மரபு. தொல்காப்பியர் எண்ணிய எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. வியப்பாகிய மருட்கை மற்றொன்று. அச்சம் எவ்வெவற்றால் பிறக்கும் என்பதையும் அவர் நான்காக வகுத்துக் காட்டியுள்ளார். பேயும் தெய்வமும் போல வருத்தும் ஆற்றலுடைய அணங்கு முதலாவது. கொடிய விலங்கு இரண்டாவது. கள்வர் மூன்றாவது. ஆளும் தலைமையாகிய இறை நான்காவது.

இந்நான்கும் இன்றைய இளையோர் விரும்பிக் கேட்கும் நூல்களின் நான்கு வகைகளாகவே நிற்கின்றன. பேய்க்கதை, வேட்டைக் கதை, துப்பறியும் கதை, கொடுங்கோன்மையில் சிக்கியவர்களின் கதை என அவற்றைப் பெயரிடலாம். ஆயினும், பதினான்கு வயது மாணவன் ஒருவன் நூலகத்தில் பேய்க்கதை கேட்டால் முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவன் கையில் நீதிக்கதைத் தொகுப்பு ஒன்று திணிக்கப்படுகிறது. அதைப் பெற்றுக்கொண்டவன் மறுமுறை தமிழ் நூல் அடுக்கின் பக்கம் வருவதில்லை. இவ்விழப்பு சிறிதன்று. எந்த அச்சநூலை, எவருக்கு, எம்முறையில் பரிந்துரைப்பது என்பது தமிழாசிரியர் தீர ஆராய வேண்டிய திறனாய்வுப் பணியாகும்.

தோட்டப்புறத்தின் கதைச்செல்வம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் நீலாய் வட்டாரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். நீலாய், பத்தாங் பெனார், பாஜாம், மந்தின், லாபு எனத் தொடர்ந்து கிடந்த தோட்டப்புறங்களில் தமிழர் பல தலைமுறைகளாகப் பால்மரம் சீவி வாழ்ந்தனர். விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில் நிரைக்குள் நுழைவது அவர்தம் அன்றாட வாழ்க்கை. வெளிச்சம் எட்டாத ஒவ்வொரு மரத்தின் பின்னும் அவர்களுக்கு ஒரு கதை இருந்தது. தோட்டத்து எல்லையில் முனியாண்டி காவல் நின்றார். ஆற்றோரத்தில் மோகினியும் காட்டேரியும் உலவின. அண்டையிலிருந்த மலாய்க் கம்பத்திலிருந்து பொந்தியானாக்கும் வந்து லயத்துக் கதைகளில் குடியேறிற்று. 1957-ஆம் ஆண்டு வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற 'பொந்தியானாக்' என்னும் மலாய்த் திரைப்படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்னும் இந்தியர். பேய்க்கதைகள் இனவேலிகளைத் தாண்டிச் செல்வன என்பதற்கு அதுவே சான்று.

இக்கதைகள் பொழுதுபோக்குக்காக மட்டும் பிறந்தவையல்ல. தோட்டங்கள் உருவான தொடக்கக் காலத்தில் மலேரியாக் காய்ச்சலால் மாண்ட தொழிலாளர் பலர். பெயர் பொறித்த கல்லறையின்றிப் புதைந்தோரும் அவர்களுள் உண்டு. யாரும் எழுதி வைக்காத இறப்புகள் ஆவிக்கதைகளாக நின்றன. மரத்தடியில் வெள்ளைச் சேலை உடுத்து நிற்கும் பெண்ணைப் பற்றிய கதையைக் கேட்கும்போது, அவள் யார், எதனால் மாண்டாள் என்று வினவினால், கதை வரலாறாக மாறத் தொடங்கும்.

இன்று அந்நிலக்காட்சி மாறிவிட்டது. ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும், வீடமைப்புப் பகுதிகளாகவும், பல்கலைக்கழக வளாகங்களாகவும் உருமாறின. அண்மையில் சிப்பாங்கில் 1998-ஆம் ஆண்டு அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டபின் இவ்வட்டாரத்தின் நகரமயம் மேலும் விரைவுபட்டது. லயங்கள் கலைந்தபோது லயத்து வாசலில் அமர்ந்து கதை சொல்லிய முதியோரும் கேட்ட பிள்ளைகளும் வெவ்வேறு அடுக்கு வீடுகளுக்குப் பிரிந்தனர். செவிவழி வந்த கதைமரபு தளர்ந்தபின், அதன் இடத்தை நிரப்ப வேண்டியது அச்சிட்ட நூலேயாகும்.

பதின்மூன்றாம் வயதில் நேரும் முறிவு

மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நிறைவுறுகின்றன. ஆறாண்டு தமிழில் பயின்ற மாணவன், இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழி வழியே பிற பாடங்களைக் கற்கிறான். தமிழ் அங்கு ஒரு பாடமாக மட்டும் சுருங்குகிறது. சிறுவர் கதைகளைக் கடந்துவிட்டவன், பெரியோர் நாவல்களை இன்னும் எட்டாதவன், படிக்கத் தமிழில் எதுவுமில்லை என்று எண்ணுவது இவ்வயதில்தான். அவனை எதிர்கொள்ள மலாயிலும் ஆங்கிலத்திலும் திகில் நூல்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆர். எல். ஸ்டைன் 1992-இல் தொடங்கிய 'கூஸ்பம்ப்ஸ்' வரிசை உலகெங்கும் பரவிற்று. சிங்கப்பூரில் 1989 முதல் ரஸ்ஸல் லீ என்னும் பெயரில் வெளிவந்த பேய்க்கதைத் தொகுதிகளை இவ்வட்டார மாணவரும் விரும்பிப் படித்தனர். மாணவனின் அச்சச்சுவையைப் பிறமொழி நூல்கள் மதித்து ஏற்கின்றன. தமிழ் அடுக்கு அதனைக் கடிந்து ஒதுக்குகின்றது. இதன் விளைவு யாதாக இருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வினாத் தொடுக்கும் பேய்

தமிழில் பேய்க்கதை இழிந்த சரக்கு என்பார், நம் காப்பியங்களை மறந்தவராவர். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சார்ங்கலன் என்னும் இளைஞனின் கதையைக் கூறுகிறது. சுடுகாடு என்றறியாமல் தனியே அதனுள் புகுந்த அவன், பிணத்தலையை ஏந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி ஓடி, தாய் கோதமையிடம் தன் நிலையைக் கூறி உயிர்விடுகிறான். தாய், தன் உயிரைக் கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். பேயால் தொடங்கிய கதை, இறப்பைத் தெய்வமும் மாற்ற இயலுமா என்னும் பெருவினாவில் போய் நிற்கின்றது. பேயின் தோற்றத்தைச் சாத்தனார் நெஞ்சு நடுங்கும்படி தீட்டினார். எனினும் படிப்பவனை அந்நடுக்கத்திலேயே விட்டுவிடவில்லை.

நீலகேசியில் நிகழ்வது இன்னும் வியப்பானது. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் சமண முனிவரை அச்சுறுத்தி விரட்டுவதற்குப் பழையனூர் நீலி வருகிறாள். அவர் அஞ்சவில்லை. நீலியோ அவரிடம் அறம் கேட்டு மாணாக்கியாகி, பின்னர்ப் பல சமயத்தாருடன் வாதிடும் அறிஞராகிறாள். அச்சுறுத்த வந்த பேயே தருக்கம் புரியும் தலைவியான கதை இது.

வேதாளக் கதைகளின் அமைப்பும் இத்தகையதே. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம் அவனைக் கடித்துத் தின்பதில்லை. கதை கூறிக் கேள்வி கேட்கின்றது. விடை தெரிந்தும் கூறாவிடில் தலை வெடிக்கும். கூறினால் வேதாளம் மீண்டும் மரத்திற்குப் பறந்துவிடும். 1947 முதல் தமிழில் வெளிவந்த 'அம்புலிமாமா' இதழ் இச்சட்டகத்தை வைத்துப் பல்லாண்டுகள் கதை வளர்த்தது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் படைத்த பேய்கள் பசியால் வாடுகின்றன. போர்க்களத்தில் கூழ் சமைத்து உண்டு கூத்தாடுகின்றன. அச்சமும் நகையும் கலந்த அப்பகுதியைப் படிப்பவன், பேய்க்கு விருந்தாகும் அளவுக்குப் போர் எத்தனை உயிர்களைத் தின்றது என்பதையும் எண்ணாமலிருக்க இயலாது.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். நல்ல அச்சநூல், படிப்பவனை நடுங்கச் செய்தபின் ஒரு வினாவோடு அனுப்புகிறது. தாழ்ந்த அச்சநூல் நடுக்கத்தோடு நின்றுவிடுகிறது; அடுத்த நூலில் அதே நடுக்கத்தைச் சற்று மிகுதியாகத் தர முயல்கிறது. ஒன்றில் பேய் ஏன் வந்தது என்பதற்கு அறம் சார்ந்தோ மனம் சார்ந்தோ காரணம் உண்டு. மற்றதில் பேய் வருவதற்குப் பக்கம் நிரப்புவதைத் தவிர வேறு காரணமில்லை.

நால்வகை நூல்கள்

அணங்கு வகையில் முதலில் வைக்கத்தக்கது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943-இல் வெளிவந்த இச்சிறுகதையில் பேய் நேரே தோன்றி அலறுவதில்லை. உறக்கமில்லா இரவு, எங்கிருந்தோ வரும் நாற்றம், வேலைக்காரியாக வீட்டில் வந்து சேர்ந்த ஒரு பிச்சைக்காரி ஆகியவற்றைக் கொண்டே ஆசிரியர் அச்சத்தைக் கட்டுகிறார். கதை சொல்பவனே பொய்க்கதை எழுதிப் பிழைப்பவன். ஆதலின் அவன் கண்டது பேயா, அவன் மனம் படைத்த தோற்றமா என்பது இறுதிவரை தெளிவாவதில்லை. இத்தெளிவின்மையே அதன் சிறப்பு. படிவம் நான்கு, ஐந்து மாணவர்க்கு இது பெரிதும் ஏற்றது. இளைய மாணவன் முடிவு விளங்கவில்லை என்று சலிப்படையக்கூடும்.

இளைய மாணவர்க்கு நம் நாட்டிலேயே நூல்கள் எழுந்துள்ளன. ஆசிரியப் பணியாற்றும் எழுத்தாளர் கே. பாலமுருகனின் 'மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்' முதலிய சிறுவர் மர்ம நாவல்கள் குறிப்பிடத்தக்கவை. தமிழகத்துச் சிற்றூரையோ சென்னைத் தெருவையோ கற்பனை செய்து பார்க்க வேண்டிய இடர்ப்பாடு மலேசிய மாணவனுக்கு இத்தகைய உள்நாட்டு நூல்களில் இல்லை. வகுப்பறையில் மாணவர் எதைக் கேட்கின்றனர் என்பதை அறிந்த ஒருவர் இத்துறைக்கு வந்திருப்பது வரவேற்கத்தக்கது. ஒருவர் முயற்சியோடு இது நின்றுவிடாமல், எழுத்தாளர் பலர் தம் தோட்டத்துக் கதைகளை இளையோர்க்கென எழுத முன்வருதல் வேண்டும்.

விலங்கு வகையில் ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட குமாவுன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய நூல் இன்றும் ஈடற்றது. 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத் பெண்புலியின் வரலாறு அதில் உள்ளது. அப்புலியைச் சுட்டு வீழ்த்தியபின் கார்பெட் அதன் வாயை ஆராய்கிறார். பழைய துப்பாக்கிக் காயத்தால் அதன் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. இயற்கையான இரையைப் பிடிக்க இயலாமற் போனதாலேயே அது மனிதரை நாடிற்று என்பது அவர் முடிபு. நூறு பக்க நடுக்கத்தைவிட இவ்வுண்மை மாணவன் நெஞ்சில் ஆழப் பதியும். அச்சத்திற்குரிய விலங்கை மனிதன் கைத்துப்பாக்கியே உருவாக்கியது என்பதை அவன் உணர்கிறான்.

கள்வர் வகையில் தமிழ்நூல்கள் மிகுதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இத்துறைக்குப் பெருங்கூட்டமான வாசகரைச் சேர்த்தனர். பின்வந்த தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள், பிறமொழிச் சொற்களை இயன்றவரை விலக்கிய எளிய தமிழில், குறுகிய வாக்கியங்களில் அமைந்தவை. தமிழ் வாசிப்பில் தடுமாறும் மாணவனுக்கு அவற்றைத் தயங்காமல் தரலாம். அவற்றின் குறை, துப்பறிவாளர் எப்போதும் வெல்வார் என்பது முதற் பக்கத்திலேயே உறுதியாகிவிடுவதாகும். ஆங்கிலத்தில் கானன் டாயில் 1901, 1902 ஆகிய ஆண்டுகளில் தொடராக எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாய் பற்றிய கதை, அணங்கு எனத் தோன்றியது கள்வனின் சூழ்ச்சியே என்று காட்டி முடிவதால், இரு வகைக்கும் பாலமாகிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அப்பாலத்தைத் தமிழில் அமைக்க முயன்றது. ஆவியா அறிவியலா என்னும் வழக்கைக் கணேஷும் வசந்தும் நடத்துவது விறுவிறுப்பு மிக்கது. எனினும் பெண்களைப் பற்றி வசந்த் உதிர்க்கும் விளையாட்டுப் பேச்சுகள் இளையோர்க்கு உகந்தவையல்ல. ஆசிரியர் அதை எடுத்துக் கூறி மூத்த மாணவர்க்கு மட்டும் பரிந்துரைப்பதே முறை.

வரலாற்று நாவலும் இவ்வேட்கையைத் தணிக்கவல்லது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களைக் கண்டு மாணவர் மலைப்பர். ஆழ்வார்க்கடியான் நள்ளிரவில் திருப்புறம்பியம் பள்ளிப்படையருகே மறைந்திருந்து சதிகாரரின் பேச்சைக் கேட்கும் பகுதியை மட்டும் வகுப்பில் படித்துக் காட்டினால், அம்மலைப்பு நீங்கும்.

நான்காவது வகையாகிய இறைதான் நம் நூலக அடுக்குகளில் அச்சநூலாக எண்ணப்படாமல் கிடக்கின்றது. மக்களைப் பேயினும் கொடிதாக அச்சுறுத்துவது கட்டுப்பாடற்ற ஆட்சி என்பதற்கு மலாயாத் தமிழர் கண்ட பெருஞ்சான்று சயாம் மரண இரயில். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானியப் படை சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றது. காலராவும் பசியும் அடியும் அவர்களை மாய்த்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அக்கொடுமையைப் பேசுகின்றன. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை', நீலாய்க்கு அண்டையிலுள்ள ஆற்றுப்பகுதி மக்கள் ஜப்பானியர் காலத்திலும் அதன்பின் வந்த அவசரகாலச் சூழலிலும் பட்ட அச்சத்தைச் சித்திரிக்கின்றது. இவை தேர்வுக்குரிய வரலாற்று நூல்கள் என்று மட்டும் அறிமுகப்படுத்தப்படுவதால் மாணவரை ஈர்ப்பதில்லை. திகில் விரும்பும் மாணவனிடம், உன் கொள்ளுப்பாட்டனாரின் காலத்தில் லயத்துக் கதவு இரவில் தட்டப்பட்டால் வந்தது பேயாக இராது என்று சொல்லி இந்நூலைக் கொடுத்துப் பார்க்கலாம்.

மறுப்புரைகளும் விடைகளும்

பேய்க்கதை மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது பழைய மறுப்பு. அது புறந்தள்ளத்தக்கதன்று. பெரியார் 1929-இலும் 1954-இலும் மலாயாவுக்கு வந்தார், கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். அவர்கள் வழியே வளர்ந்த சீர்திருத்த இயக்கம், பேயோட்டுதல், மாந்திரீகம் ஆகியவற்றின் பெயரால் ஏழைத் தொழிலாளியின் கூலி பறிபோவதைக் கண்டித்தது. அவ்வெச்சரிக்கை இன்றும் தேவையே. ஆயினும் நம்பச் சொல்வது வேறு, கதை சொல்வது வேறு. பேயாடியின் முன் அமர்ந்தவனுக்கு வினாத் தொடுக்கும் உரிமை இல்லை. நூலின் முன் அமர்ந்தவன் நினைத்தபோது மூடலாம், ஐயுறலாம், மறுக்கலாம். நல்ல பேய்க்கதை ஐயுறவைக் கற்பிக்கும் பாடமாகவே அமையும். உண்மையில் நிகழ்ந்தது என்று முத்திரை குத்தி வரும் தொகுதிகளையே ஆசிரியர் கூடுதலாக ஆராய்ந்து, எது சான்று, எது வதந்தி என்று மாணவரையே பிரித்தறியச் செய்தல் வேண்டும்.

திகில் நூல்களில் மூழ்கியவர் நல்ல இலக்கியத்திற்கு வரமாட்டார் என்பது மற்றொரு மறுப்பு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின், 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த தம் 'நார்த்தாங்கர் ஆபி' நாவலில் இதனையே கருவாக்கினார். அதன் தலைவி பதினேழு வயதுப் பெண். திகில் நாவல்களைப் படித்துப் படித்து, தான் தங்கிய மாளிகையிலும் கொலை நிகழ்ந்திருக்குமென ஐயுறுகிறாள். அந்த ஐயம் பொய்யாகிறது. ஆனால் அம்மாளிகைத் தலைவன் அன்பற்ற பேராசைக்காரன் என்பது மெய்யாகிறது. நூலாசிரியை அப்பெண்ணை நகையாடினாலும், அவளுடைய வாசிப்பை முற்றும் பழிக்கவில்லை. இளமைப் படிப்பு தந்த ஐயுறவு, பின்னர் மனிதரை அளந்தறியும் கூர்மையாக மாறக்கூடும்.

அதே வேளையில் விலக்கத்தக்கவையும் உண்டு. பெண்ணின் பிணத்தை அட்டைப்படமாக்கி, கொலையின் கோரத்தைச் சுவைபட வருணித்து, கொன்றவன் ஏன் கொன்றான் என்பதை இறுதி இரு பக்கங்களில் அவசரமாகக் கூறி முடிக்கும் மாத நாவல்கள் அத்தகையன. அவற்றை விலக்குவதற்குரிய காரணம் அவை அச்சமூட்டுவதன்று. மாண்டவரை மனிதராகவே அவை காட்டாமையாகும்.

பரிந்துரைக்கும் முறை

நூலைத் தேர்ந்ததோடு பணி நிறைவுறுவதில்லை. மாணவன் எதற்கு அஞ்ச விரும்புகிறான் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். இருளை விரும்புவோன் ஒருவன். புதிரை விரும்புவோன் மற்றொருவன். வீட்டில் அண்மையில் இறப்பு நிகழ்ந்த பிள்ளைக்கு ஆவிக்கதையைத் தராமல் துப்பறியும் கதையைத் தருவது பரிவாகும். கதையை வகுப்பில் உரக்கப் படித்து, முடிச்சு இறுகும் இடத்தில் நிறுத்தி நூலை மேசைமேல் வைத்துவிடுதல் நற்பயன் தரும். 1990களின் இறுதியில் பள்ளிகளில் தொடங்கப்பட்ட 'நீலாம்' வாசிப்புத் திட்டத்தில் மாணவர் படித்த நூல்களைப் பதிவு செய்கின்றனர். அப்பதிவில் கதைச்சுருக்கத்தோடும் படிப்பினையோடும் நின்றுவிடாமல், 'இக்கதையில் அச்சம் எதிலிருந்து பிறந்தது?' என்னும் ஒரே வினாவைச் சேர்த்தால் போதும். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினுள் ஒன்றைச் சுட்டி மாணவன் காரணம் எழுதுவான். தொல்காப்பியப் பாகுபாடு அவனுக்கு மனப்பாடச் செய்தியாக இராமல் கையாளும் கருவியாகிவிடும்.

அடுத்த படியாக, தத்தம் பாட்டிமாரிடமும் முன்னாள் தோட்டத் தொழிலாளரிடமும் கேட்ட பேய்க்கதைகளை மாணவரே எழுதிக் கொணரச் செய்யலாம். எந்தத் தோட்டம், எந்த மரம், மாண்டவர் யார், எக்காலம் என்பனவற்றையும் உடன் குறிக்கச் செய்தால், மறைந்துவரும் தோட்ட வரலாற்றின் ஒரு பகுதி காக்கப்படும்.

முடிவுரை

இளையோரின் அச்சவேட்கை திருத்தப்பட வேண்டிய குறையன்று. தமிழ் இலக்கணமே ஏற்ற இயல்பான உணர்ச்சி. அதனை மதித்து, வினாவோடு முடியும் நூல்களைத் தெரிந்து கொடுத்தால், அணங்கில் தொடங்கியவன் படிப்படியாக இறையின் கதைக்கு வந்து சேர்வான். பொந்தியானாக்கைத் தேடி வந்த நீலாய் மாணவன் மரண இரயிலில் மாண்ட தன் முன்னோரை அறிந்து செல்வானாயின், தமிழ் வாசிப்பு அவனிடம் ஒரு தேர்வுப்பாடமாகக் குன்றிவிடாது. அதற்கு வேண்டுவன, அடுக்கில் சில நல்ல நூல்களும், அவற்றை முன்னரே படித்து வைத்திருக்கும் ஆசிரியருமே.